எதிர்க்கடைக்காரி

"அந்த எதிர்க்கடைக்காரி பேச்சை மட்டும் என்கிட்ட எடுக்காதீங்க சார். காலையிலேர்ந்து எனக்கு ஏற்கெனவே தலைவலி!"

உணவக முதலாளி சொன்ன வேகத்தில் கல்லா மேசையே ஓர் ஆட்டம் ஆடி நின்றது. எதிரில் உட்கார்ந்திருந்த கம்பெனி அதிகாரிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இந்தக் கோபத்தை நம்பித்தானே அவர் வந்திருக்கிறார்!

ஊர் ஊராகக் கிளை திறக்கும் பெரிய உணவகக் கம்பெனிக்கு இடம் பிடித்துத் தருவது அவர் வேலை. இந்தப் புறநகரில் ஓர் இடத்தை முடித்துவிட்டால் மேலாளர் நாற்காலி அவருக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். ஆசை யாரை விட்டது? பதவி வந்தேவிட்ட மாதிரி மனைவியிடம் சொல்லியும் வைத்துவிட்டார். இனி வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் மானம் கப்பலேறிவிடும்.

நன்றாக நோட்டம் விட்டுத்தான் வந்திருந்தார். சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டே உணவகங்கள். இந்த முதலாளியின் வாசலில், 'எதிரே சாப்பிட்டு ஏமாந்தவர்களுக்கு இங்கே சூப் இலவசம்' என்று ஒரு பலகை. அங்கே, 'எதிரே சூப் குடித்து வாய் கெட்டவர்களுக்கு இங்கே ஐஸ்கிரீம் இலவசம்' என்று அதைவிடப் பெரிய பலகை. இப்படி எலியும் பூனையுமாக இருப்பவர்களில் ஒருவரை வளைப்பதா கஷ்டம்?

"ரொம்ப நாள் பகையோ?" என்று அதிகாரி தூண்டிலைப் போட்டார்.

"அப்பா காலத்துப் பகை சார்! அப்போ இது பெட்ரோல் பங்க். நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அங்கதான் காத்தடிக்கிற மெஷின் நின்னுச்சு. எதிர்ல அவ அப்பாவோட டயர் கடை. நாங்க ஓசியில காத்தடிச்சுக் குடுக்கவும் அந்த மனுஷனுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஓசிக் காத்து டயருக்கு ஆகாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு."

பக்கத்து மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநருக்குப் புரையேறியது.

"அப்புறம்?"

"ஊருக்கு வெளியே பெரிய ரோடு போட்டுட்டாங்க. வண்டி வரத்து நின்னுபோச்சு. பங்க்கை மூடிட்டு நான் வீடியோ கேசட்டு வாடகைக்கு விட்டேன். உடனே அவ டயரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு போட்டோ ஸ்டூடியோ வெச்சா. கேசட்டுக்குக் காலம் போச்சு, நான் இன்டர்நெட் சென்டருக்கு மாறினேன். பிலிமுக்குக் காலம் போச்சு, அவ செல்போன் ரிப்பேருக்கு மாறினா. இப்ப சுத்தி எங்க பார்த்தாலும் அடுக்குமாடி. பாதி வீட்டுல அடுப்பே பத்தவைக்கிறதில்லை. சரின்னு நான் சாப்பாட்டுக் கடை போட்டேன். என் பலகையில பெயின்ட் காயலை சார், அதுக்குள்ள அவளும் போட்டுட்டா!"

"உங்களைப் பார்த்துக் காப்பியடிக்கறாங்க."

"என் சமையல் ரகசியம் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. நான் ஒரு கரண்டி மிளகு கூடப் போட்டா அன்னைக்கே அவ காதுக்குப் போயிடுது. நிம்மதியாத் தூங்கி எத்தனை வருஷமாச்சு தெரியுமா?"

அந்த நேரம் பார்த்து எதிர்க்கடை அம்மாள் வெளியே வந்தார். ஈரத்துணியால் தம் பலகையைத் துடைத்தார். இந்தப் பக்கம் ஒரு முறை முறைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

"பார்த்தீங்களா அந்தப் பார்வையை? நான் செத்த நேரம் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினா அவளுக்குப் பொறுக்காது!"

லாரி ஓட்டுநர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பாவம், சூப்பில் காரம் தூக்கல் போலிருக்கிறது என்று அதிகாரி நினைத்துக்கொண்டார்.

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சார், இடத்தை எங்களுக்குக் குடுத்துடுங்க. விலையை நீங்களே சொல்லுங்க. நாங்க இங்க மூணு மாடியில கடை திறந்தோம்னா, எதிர்ல அந்தம்மா உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆறே மாசத்துல இழுத்து மூடிட்டுப் போயிடுவாங்க."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "நிஜமாவா? பலகையோடவா?"

"பலகையோட!"

"அப்புறம் என்னை எதிர்த்துப் பேச எதிர்ல ஆளே இருக்காது?"

"மூச்சு விட ஆள் இருக்காது சார்!"

முதலாளி கண்ணை மூடி அந்தச் சுகத்தைக் கொஞ்ச நேரம் அனுபவித்தார். அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். மனசுக்குள் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றியும் பார்த்துவிட்டார்.

"கேக்கவே நல்லாத்தான் இருக்கு" என்றார் முதலாளி. "ஆனா வீட்டுல ஒரு வார்த்தை கேக்காம நான் எதுவும் செய்யறதில்லை."

"கண்டிப்பாக் கேக்கணும் சார்! நானும் அப்படித்தான்." அதிகாரி தம் போனையே எடுத்து நீட்டினார். "இப்பவே பேசிடுங்களேன்."

"இதுக்குப் போய் எதுக்கு சார் போனு?"

முதலாளி எழுந்து வாசலுக்கு வந்தார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, சாலையில் போகிற வண்டிச் சத்தத்தை மீறிக் கத்தினார்.

"இந்தாம்மா! இவருக்கு இடத்தைக் குடுத்தா ஆறு மாசத்துல உன் கடையை மூட வெச்சுடுவாராம். குடுத்துடட்டுமா?"

எதிர்க்கடைக் கல்லாவிலிருந்து பதில் பறந்து வந்தது.

"நல்லா இருக்கே நியாயம்! அப்புறம் நான் உங்களோட கோவிச்சுக்கிட்டு எந்தப் பொறந்த வீட்டுக்குங்க போறது?"