முந்நூறாவது ஆள்

நடவு வயலின் வரப்பில் பளபளக்கும் ஷூ ஒன்று வந்து நிற்கிறது. அம்சவல்லி குனிந்தபடியே தலையை மட்டும் நிமிர்த்திப் பார்க்கிறாள். வேலை கேட்டு அவள் இரண்டு முறை மனுக் கொடுத்தும் பதில் சொல்லாத செருப்புக் கம்பெனி மேனேஜர். உள்ளூர்ப் பெண்கள் முந்நூறு பேருக்கு வேலை கொடுத்தால்தான் கம்பெனிக்கு அரசு வரிச் சலுகை தரும். இன்று கடைசி நாள், ஒருத்தி குறைகிறாள். "அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும், வாங்கம்மா." ஆனால் தன் பங்கை நடாமல் யாரும் கரையேறுவதில்லை. பக்கத்தில் நடும் மருதாயி ஒரு நாற்று முடிக் கட்டை எடுத்து மேனேஜரின் காலடியில் வைக்கிறாள். நடவு வயலுக்கு வந்த புது ஆள், வழக்கப்படி, காசு கொடுக்காமல் நகர முடியாது. "பர்ஸ் கார்ல இருக்கும்மா." "அப்ப உங்களுக்கும் சலுகைதான். காசு வேணாம், அவ பங்கை நட்டுக் குடுங்க!" வயல் முழுக்கச் சிரிப்பு. ஷூ இப்போது வரப்பில் தனியாக வெயில் காய்கிறது. சேற்றில் முழங்கால்வரை மேனேஜர். அம்சவல்லி வாய்க்காலில் கை கழுவி, முந்தானையில் துடைத்து, படிவத்தில் நிதானமாகப் பெயர் எழுதுகிறாள். பிறகு வயலைப் பார்க்கிறாள். "நெருக்கி நடாதீங்க சார்" என்கிறாள், கம்பெனியின் முந்நூறாவது ஆள்.