பார்த்தவர் ஒருவர்

"தெனமும் என் மகனுக்கு மட்டும் தெரியற மாதிரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வீடியோ போடுறேன். தலை போற வேலையா இருந்தாலும் பார்த்துடுவான். 'பார்த்தவர் ஒருவர்'னு காட்டுது பாரு!"

விரிசல் விட்ட டிஸ்ப்ளேவை மாற்ற வந்த அம்மாள் பூரித்துப்போனாள். செல்போன் கடைக்காரர் நிமிராமல் வேலையை முடித்துக் கொடுத்தார்.

அவள் படியிறங்கும்போது வாய் தவறிக் கேட்டுவிட்டார்: "முட்டி வலி தேவலையாம்மா?"

அவள் நின்றாள். அதை வீடியோவில் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"மன்னிச்சுடுங்கம்மா. அன்னைக்கு உங்க மகன் மட்டும் பார்க்கற மாதிரி ஸ்டேட்டஸ் செட் பண்ணிக் கொடுத்தப்போ, சரியா வருதான்னு பார்க்க என் நம்பரையும் சேர்த்தேன். எடுக்க மறந்துட்டேன்."

"அப்ப அந்த ஒருத்தர்..."

"நான்தாம்மா. போனைக் குடுங்க, இப்பவே எடுத்துடறேன்."

அவள் போனைப் பைக்குள் வைத்து மூடினாள்.

"வேணாம் தம்பி. முட்டி எப்படி இருக்குன்னு சாயங்காலம் வீடியோவுல சொல்றேன்."