கை பட்டால் குற்றம்

"சார், ஒண்ணு அவங்க இந்த டீம்ல இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்."

மேனேஜர் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக வெடித்தான் புரோகிராமர். ஆபீஸில் அவனுக்குப் பெயர் கீபோர்டு. நாலு பேர் வேலையை ஒரே ஆளாகத் தட்டிவிடுவான். அந்த நாலு பேர் பேச்சையும் அவனே பேசிவிடுவான் என்பது வேறு விஷயம்.

"யாருப்பா? பூதக்கண்ணாடியா?"

"வேற யாரு?"

பூதக்கண்ணாடி என்பது அவன் எழுதும் புரோகிராமைச் சோதித்துத் தப்பு கண்டுபிடிக்கும் டெஸ்டர். ஆப்புக்குள் எறும்பு ஊர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று கீபோர்டே சூட்டிய பட்டம். டேப்லெட்டில் பேனாவால் எழுதும் ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர்கள் முன்னால் மேடையேறி அதை விளக்கப்போகிறவன் கீபோர்டு. நல்லபடியாக முடிந்தால் அவன்தான் டீம் லீடர். மாமனார் வரைக்கும் சொல்லிவிட்டான். இனி பின்வாங்க முடியாது.

"மறுபடியும் திருப்பி அனுப்பியிருக்காங்க சார். எழுதும்போது உள்ளங்கை பட்டா கோடு விழுதாம். ஆயிரம் தடவை பாத்துட்டேன், ஒரு புள்ளிகூட விழலை."

"பேனாவால எழுதிப் பாத்தியா?"

"மவுஸால பாத்தேன் சார். எல்லாம் ஒண்ணுதான்."

மவுஸுக்கு ஏதப்பா உள்ளங்கை என்று மேனேஜர் கேட்கவில்லை. டெஸ்டரைக் கூப்பிட்டார். தானே பேனாவை எடுத்து, டேப்லெட்டில் கையை நன்றாக ஊன்றி நாலு வரி எழுதினார். பளிச்சென்று வந்தது.

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

கீபோர்டுக்கு வாயெல்லாம் பல். திரையில் படும் உள்ளங்கையைப் பேனா என்று எண்ணிக் கோடு போட்டுவிடாமல் ஒதுக்கும் புரோகிராம் பகுதியை அவன் இணையத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

டெஸ்டர் பேனாவை வாங்கி எழுதினாள். ஒரு எழுத்து மேலே போனது, ஒரு எழுத்து கீழே வந்தது. கூடவே கோடுகள். பக்கம் முழுக்கக் கோழி கிண்டியதுபோல் ஆகிவிட்டது.

மேனேஜர் கண்ணைச் சுருக்கினார். "ஏம்மா, இடது கையாலயா எழுதறே? உனக்கு வலது கைதானே பழக்கம்?"

"ஆமா சார். வலது கையால எழுதினா எனக்கும் கோடு விழாது. இடது கைன்னாதான் விழுது."

"அப்புறம் எதுக்கு இந்த வேலை?"

கீபோர்டு பிடித்துக்கொண்டான். "கேளுங்க சார், நல்லாக் கேளுங்க. வேணும்னே பண்றாங்க. வேண்டாத பொண்டாட்டி கை பட்டாலும் குத்தம், கால் பட்டாலும் குத்தம்னு சொல்வாங்களே, அந்தக் கதைதான் என் கதை."

டெஸ்டருக்கு முகம் வாடிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் விட்டால்தானே.

"கொடுங்க இங்க. எழுதத் தெரிஞ்சவன் எழுதினா எப்படி வரும்னு காட்டறேன்."

பேனாவைக் கிட்டத்தட்டப் பிடுங்கினான். பேனா பிடித்து எத்தனை காலமாயிற்றோ, எங்கேயாவது கையெழுத்துப் போடுவதோடு சரி. கையை ஊன்றித் தன் பெயரை எழுத ஆரம்பித்தான். முதல் எழுத்து முடிவதற்குள் ஒரு கோடு. அடுத்த எழுத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். அதற்கடுத்த எழுத்தில் பக்கமே புரண்டு எங்கேயோ போய்விட்டது.

மேனேஜர் டேப்லெட்டைப் பார்க்கவில்லை. பேனா பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீபோர்டும் மெல்லக் குனிந்து தன் இடது கையைப் பார்த்தான், அடுத்த வீட்டுக்காரர் கையைப் பார்ப்பதுபோல.

"அன்னிக்கு கொரியர்காரர்கிட்ட அண்ணன் இடது கையால கையெழுத்துப் போடறதப் பாத்தேன் சார்," என்றாள் டெஸ்டர், தயங்கித் தயங்கி. "பேனாவால ஒரு தடவை எழுதிப் பாருங்கண்ணான்னு தினம் சொன்னேன். மவுஸ் போதும்னுட்டார். அதான் வீட்டுல உக்காந்து நானே இடது கையால எழுதப் பழகினேன். வெள்ளிக்கிழமை அத்தனை பேர் முன்னாடி அவர் தலைகுனியக் கூடாதில்ல?"