அம்மாவுக்கு ஆகாத மாநிலங்கள்

வான்கோழி எலும்பைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, பெர்னிஸ் தன் மூன்று பிள்ளைகளையும் பார்த்துக் கேட்டாள்.

"உங்க மூணு பேரு ஊர்ல எது என்னை மாதிரி கிழவிக்குத் தோதா இருக்கும்?"

விளையாட்டாகக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். மேசையில் யாரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் அவள் இருக்கும் இந்த வீடு விலைபோய்விட்டது. வசந்தம் வருவதற்குள் சாவியைக் கொடுத்தாக வேண்டும். கோடையில் படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு, இனி அவள் தனியாக இருக்கக் கூடாது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார்.

வேறு வருஷமாக இருந்தால் இந்தக் கேள்விக்கு அடிதடியே நடந்திருக்கும். இந்தக் குடும்பத்தில், நவம்பரில் எல்லாரும் கூடும் தேங்க்ஸ்கிவிங் விருந்தென்றால் மாநிலச் சண்டைதான்.

மூத்தவன் டுவெய்ன் கொலராடோவின் மலைக்காற்றை வாய் ஓயாமல் புகழ்வான். கடைக்குட்டி மார்லாவுக்கு மினசோட்டா ஏரிகளையும் மருத்துவமனைகளையும் விட்டால் உலகத்தில் வேறு எதுவும் கிடையாது. நடுவுள்ள ரோண்டா, ஃபுளோரிடாவில் மாநில வருமான வரியே இல்லை, ஜனவரியில் வெறுங்காலோடு தோட்டத்தில் நடக்கலாம் என்று இரண்டு பேரையும் வெறுப்பேற்றுவாள். போன வருஷம் இறந்துபோன அப்பா, நெப்ராஸ்காவை விட்டுக்கொடுக்காமல் மூவரையும் ஒற்றை ஆளாகச் சமாளிப்பார்.

இந்த வருஷம் டுவெய்ன் முதலில் தொண்டையைச் செருமினான்.

"எங்க ஊரு ரொம்ப உயரம்மா. இளவட்டத்துக்கே மூச்சு வாங்குது. உன் நெஞ்சு இருக்குற நெலமைக்கு அதெல்லாம் ஆகாது."

சொல்லிவிட்டு, மசித்த உருளைக்கிழங்கில் குழி தோண்டிக் குழம்பு ஊற்றுவதில் மும்முரமானான்.

மார்லா சும்மா இருப்பாளா. "எங்க ஊர்ல விழுற பனி ஏப்ரல் வரைக்கும் போகாது. வாசல்ல கால வச்சா வழுக்கும். ஏற்கனவே இடுப்பு ஒடஞ்ச ஆளு நீ. ஃபுளோரிடாதாம்மா உனக்குச் சரி. வயசானவங்க எல்லாம் அங்கதானே போறாங்க?"

"ஆமா, அது சரிதான்" என்றான் டுவெய்ன். தங்கை சொன்ன எதற்கும் அவன் இதுவரை ஆமாம் போட்டதில்லை.

இருவரும் ரோண்டாவைப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதிதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா படுக்கையில் கிடந்தபோது வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு இங்கேயே கிடந்தவள் அவள். இவர்கள் பூங்கொத்து அனுப்பினார்கள். இப்போதும் அவள் தலையில் கட்டிவிட்டு, அடுத்த துண்டு கறிக்குக் கை நீட்டப் போகிறார்கள். ஒரு தடவையாவது வாயைத் திறந்து, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சட்டுமே. எல்லாரும் நழுவும்போது தான் மட்டும் இளிச்சவாயா?

"எங்க ஊரா? சூறாவளி வந்தா ஜன்னலுக்குப் பலகை அடிச்சிட்டு ராவோட ராவா ஓடணும். நடக்க முடியாதவங்கள வச்சிக்கிட்டு எங்கன்னு ஓடறது? போதாததுக்கு கொல்லைப்பக்கத்துக் கால்வாயில முதலை வேற. நீ ஒரு வாரம் தாங்க மாட்டம்மா."

வாயைவிட்டு வந்த பிறகுதான் அதிகமாகப் பேசிவிட்டோம் என்று உறைத்தது. யாராவது மறுத்துப் பேசுவார்கள் என்று காத்திருந்தாள். வருஷா வருஷம் மல்லுக்கு நின்றவர்கள்தானே. இன்றைக்குப் பார்த்து அத்தனை பேரும் ஒரே கட்சி.

பெர்னிஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு. யாராச்சும் வா வான்னு இழுத்தா எப்படி மறுக்கறதுன்னு யோசனையா இருந்துச்சு. இங்க டவுன்ல முதியோர் இல்லத்துல ஒரு அறை காலியா இருக்காம். நாளைக்கே சரின்னு சொல்லிடறேன். இனிப்புக்கு ஆப்பிள் பை யாருக்கெல்லாம் வேணும்?"

எல்லாருக்கும் வேண்டியிருந்தது. ரோண்டா மட்டும் தன் துண்டைத் தொடவில்லை.

பாத்திரம் கழுவ எழுந்துபோனாள். அம்மாவும் ஊன்றுகோலோடு பின்னாலேயே வந்து, பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்தாள். எப்படிப் பேச்செடுப்பது என்று ரோண்டா தவித்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் விளிம்பிலிருந்த அவளுடைய கைபேசி அடித்தது. கை முழுக்க சோப்பு நுரை. அம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

ஃபுளோரிடாவிலிருந்து ரோண்டாவின் கணவன் கிளென்.

"குளியலறைல கைப்பிடிக் கம்பி மாட்டியாச்சு ரோண்டா. ரூமுக்குப் பெயின்ட்டும் காஞ்சிருச்சு. கட்டில ஜன்னல் பக்கம் போடறதா, சுவர் பக்கமான்னுதான் தெரியல. அத்தைகிட்ட விஷயத்தச் சொல்லிட்டியா? அவங்களையே கேட்டுச் சொல்லேன்."

குழாய்த் தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, நான் அவங்க ரெண்டு பேரு மேல இருந்த கோவத்துலதான்..." என்றாள் ரோண்டா.

பெர்னிஸ் கைபேசியை வாய்க்கு அருகே கொண்டுபோனாள். மாப்பிள்ளையிடம் எப்போதும் பேசுகிற அதே மரியாதையோடுதான் பேசினாள்.

"ஜன்னல் பக்கமே போடுங்க, கிளென். யாரு வந்து படுத்தாலும் அதான் நல்லா இருக்கும்."