வெள்ளிக்கிழமைப் புகை

வடக்கனந்தலில் செல்லியம்மாள் வீட்டு வாசலில் நர்ஸ் வேதவல்லி தயங்கி நின்றாள். "ஆஸ்துமா இருக்கற புள்ள. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாதீங்க" என்று போன வாரம் சொல்லப்போய், வாங்கிக் கட்டிக்கொண்ட வீடு இது.

"காத்து கருப்பு அண்டாம இருக்கத்தான் போடறோம். நேத்து வந்தவ நீ, உனக்கு இன்னா தெரியும்?" என்று அன்று கதவைச் சாத்திவிட்டாள் செல்லியம்மாள்.

இன்று சுகாதார நிலைய டாக்டர், ஷேக் தாவூது பாயைத் துணைக்கு அனுப்பியிருந்தார். தோளில் பையோடு வந்த அந்தப் பெரியவரைக் கண்டதும் கதவு அகலத் திறந்தது.

"வாங்க பாய்! இன்னா, கண்ணுலயே காணோம்?"

மூச்சு இழுத்துக்கொண்டிருந்த சிறுமியின் தலையைப் பாய் வருடினார்.

"சாம்பிராணி வேணாம்மா. விறகு அடுப்பயும் வெளிய வச்சிடு. புள்ள நல்லா மூச்சு வுடட்டும்."

"நீங்களே சொல்றீங்களா? அப்ப செரிங்க பாய்."

வெளியே வந்ததும் வேதவல்லிக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"நானும் அதத்தான பாய் சொன்னேன்! நீங்க சொன்னா மட்டும் எப்படிக் கேக்கறாங்க?"

பாய் சிரித்தபடி பையிலிருந்து தூபக்காலை எடுத்துக் காட்டினார். உள்ளே கரியுமில்லை, கங்குமில்லை.

"வெள்ளிக்கிழமையானா இந்தத் தெரு பூரா சாம்பிராணி போட்டுக்கினு இருந்தவனே நான்தாம்மா. நான் போட்ட புகையில அந்தப் புள்ள தவிச்சத என் கண்ணால பாத்தேன். நேரா டாக்டர்கிட்டப் போயி, நானும் கூட வரேன்னுட்டேன்."

வேதவல்லி அந்தக் காலித் தூபக்காலை வாங்கிப் பார்த்தாள். "அப்ப உங்க பொழைப்பு?"

பாய், ஓதி வருடும் மயிலிறகுக் கட்டைப் பையிலிருந்து உருவிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

"புகைக்குத்தாம்மா லீவு. துஆவுக்கு இல்லியே!"