முப்பத்தாறு மீட்டர்

"நாற்பதுல போற வண்டி பிரேக் போட்டா ஒன்பது மீட்டர்ல நிக்கும்னு புக்ல இருக்கு. தெருவுல இருக்கற டயர் தடம் முப்பத்தாறு மீட்டர். நாலு மடங்கு. அப்போ நூத்தறுபதுல போயிருக்கணும். நம்ம ஓட்டை வேன் நூறைத் தாண்டுமா? அது அப்பாவோட தடமே இல்லம்மா!"

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நோட்டை என் முன்னால் வைத்தாள். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அவளே அளந்திருக்கிறாள்.

பத்து நாட்களுக்கு முன் அந்தத் தெருவில் அவள் அப்பாவின் வேன் தபால்காரரின் சைக்கிள்மீது மோதியது. மனிதர் இன்னும் கண் திறக்கவில்லை.

நாற்பதுக்கு மேல் போகவே இல்லை என்று போலீஸிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த என் கணவர், வீட்டில் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். நானும் நம்பினேன். நம்பாமல் எப்படி ஒரே வீட்டில் இருப்பது?

மகளின் கணக்கு தப்பு.

பதினெட்டு வருடமாக நான் இயற்பியல் டீச்சர். முடுக்கம் பாடத்தில் யாராவது இந்தத் தப்பைச் செய்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிரேக் ஒவ்வொரு நொடியும் ஒரே அளவு வேகத்தைத்தான் குறைக்கும். வேகம் இரண்டு மடங்கென்றால் நிற்க இரண்டு மடங்கு நேரம். அந்த நேரத்தில் சராசரி வேகமும் இரண்டு மடங்கு. ஆக, தூரம் நான்கு மடங்கு. எத்தனை வகுப்பில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்!

நூற்று அறுபது இல்லை. எண்பது.

எண்பதில் எங்கள் ஓட்டை வேன் தாராளமாகப் போகும்.

பக்கத்து அறையில் அவர் இருமினார். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவப்புப் பேனாவை எடுத்து டிக் போட்டேன். அது போதாதென்று, பக்கத்தில் 'சரி' என்றும் எழுதினேன்.

துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து குளிக்கப் போய்விட்டாள்.

நோட்டை மூடும்போது முந்தைய பக்கம் கண்ணில் பட்டது. அதே கணக்கு. வாய்பாடு, வர்க்கம், வர்க்கமூலம், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியே. விடை எண்பது, அடியில் இரண்டு கோடு. மேலே, போன ஞாயிற்றுக்கிழமையின் தேதி.

அப்பாவைப் பற்றி அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருக்கிறது. இன்று என்னைப் பற்றியும் தெரிந்துகொண்டாள்.