நுளம்புக்குக் காட்டின முதுகு

"இஞ்சாருங்கோ, கடைசியாக் கேக்கிறன். பூசுவீங்களோ, மாட்டீங்களோ?"

திரேசாவின் கையில் நுளம்பு கடிக்காமல் மேலில் பூசும் கிறீம். தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு வந்து அந்த வளவில் போட்ட ஓலைக் கொட்டிலின் வாசலில், சட்டையையும் கழற்றிப் போட்டுவிட்டு இருந்தார் அவள் புருசன் இன்னாசிப்பிள்ளை. பொழுது சாயும் நேரம். நுளம்புக்கும் திருநாள்தான்.

"அந்த மணம் எனக்கு ஒத்துவராது. நீ பிள்ளைக்குப் பூசு."

பிள்ளைக்கு என்றால் மட்டும் மனுசனுக்கு எல்லாம் தெரியும். ஆறு வயது மகள் லக்சனாவுக்கு எது சரிவருமென்று பாமசியில் நின்று விசாரித்து இந்தக் கிறீமை வாங்கியதே அவர்தான். இப்போதும் இருந்த இடத்திலிருந்தே உத்தரவு வந்தது.

"உன்ர கையில எடுத்துப் பூசு. கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போகாத. அவளின்ர கையில பூசாத, வாயில வைப்பாள். சட்டைக்கு உள்ளயும் வேண்டாம். படுக்க முதல் கழுவிப்போட்டு வலைக்குள்ள விடு."

"இவ்வளவும் தெரிஞ்ச மனுசன் வெறும் மேலோட இருக்கிறீங்களே! போன மாரியில பிள்ளை டெங்குவில கிடந்தது மறந்து போச்சோ?"

பக்கத்துக் கொட்டில் நிசாந்தி எட்டிப் பார்த்தாள்.

"விடுங்க அக்கா. ஆம்பிளையளுக்கு வருத்தம் வந்தாத்தான் புத்தி வரும்."

"வந்தா ஆசுபத்திரி வாசலில கிடந்து அழப்போறது நானெல்லே!"

இன்னாசிப்பிள்ளையின் முதுகில் நுளம்பு குந்திக் குந்தி இரத்தம் குடித்தது. ஒன்றையாவது அடித்தாரா? இல்லை. திரேசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன கோதாரிப் பிடிவாதம் இது? வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!"

அவர் மணலில் விளையாடிய மகளைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"பிள்ளை கண் திறக்காமல் கிடந்தாளெல்லே, அண்டைக்கு அன்னம்மாளிட்ட நேர்ந்தனான். 'பிள்ளையைத் தா தாயே. உன்ர திருநாளுக்கு வந்து, ஒண்டும் பூசாமல் இருக்கிறன். அவளைக் கடிக்கிற நுளம்பெல்லாம் என்னைக் கடிக்கட்டும்' எண்டு. அவ தந்திட்டா. இப்ப அவவின்ர வாசலிலயே நான் ஏமாத்தலாமோ?"

திரேசா அவருக்குக் கிட்ட வந்து குந்தினாள். கண்ணைத் துடைத்தாள், மூக்கை உறிஞ்சினாள். பிறகு கிறீமைத் தன் உள்ளங்கையில் பிதுக்கினாள்.

"திரும்புங்கோ, முதுகைக் காட்டுங்கோ! பூசமாட்டன் எண்டு நேர்ந்தது நீங்கள். பூசிவிடமாட்டன் எண்டு நான் ஒருத்தரிட்டயும் நேரேல்லை!"